பவுண்டு இறங்கிய இரண்டு வெள்ளிக்கிழமைகள்

2017 ஜூன் 9, வெள்ளிக்கிழமை, விடியற்காலை 5.10 மணிக்கு முதலாளி போன் செய்தார். நோன்பு மாதம், சஹர் உணவுக்கு எழுந்திருப்பார் என்று தெரியும், ஆனால் அந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டதே இல்லை. “தம்பி, பார்த்தீங்களா? பிரிட்டன்ல யாருக்கும் மெஜாரிட்டி வராதாம். கடையைத் திறந்ததும் போர்டுல பவுண்டை மட்டும் போடாதீங்க, நான் வந்துடறேன்” என்றார். நானும் விழித்துத்தான் இருந்தேன். அங்கே இரவு 10 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்த கையோடு வெளியாகும் கணிப்பு நமக்குக் காலை 5 மணி. ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 314 இடம் என்று திரையில் பார்த்ததும் லெஸ்டரில் இருக்கும் அண்ணனுக்கு “என்ன இது?” என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

நான் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு நாணய மாற்றுக் கடையில் 18 வருடமாக வேலை செய்கிறேன். இந்த மூன்று வாரமாகக் கடையில் பார்த்தது, கோப்பிக் கடையில் கேட்டது, அண்ணன் வீட்டிலிருந்து வந்தது எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று இருந்தேன். பெருநாள் கூட்டமெல்லாம் முடிந்து இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

2016 ஜூன் 24 நினைவிருக்கிறதா? அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் நோன்பு மாதம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்குமா விலகுமா என்ற வாக்கெடுப்பின் முடிவு நம் கடை நேரத்திலேயே வந்துகொண்டிருந்தது. காலையில் 2 சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) ஒட்டி இருந்த பவுண்டு, ஒவ்வொரு ஊரின் எண்ணிக்கை வரவர இறங்கியது. மதியம் ஜும்மா தொழுகைக்கு யூஓபி பிளாசாவின் கீழே இருக்கும் பள்ளிவாசலுக்குப் போன முதலாளி திரும்பி வந்தபோது வரிசை எங்கள் கடையைத் தாண்டிப் பக்கத்துக் கடை வாசல் வரைக்கும் நின்றது. எல்லார் முகத்திலும் ஒரே சந்தோஷம். அலுவலகத்திலிருந்து கழுத்தில் அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தவர்கள், டிசம்பரில் லண்டன் போகப்போகிறவர்கள், சும்மா வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று வந்தவர்கள். பிற்பகலில் எங்களிடம் இருந்த பவுண்டு நோட்டெல்லாம் தீர்ந்துபோனது. அன்றைக்கு விலகலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1.

2017-இல் அவ்வளவு பெரிய சரிவு இல்லை. 1.79 பக்கம் இருந்தது 1.76 பக்கம் வந்தது. வரிசையும் சின்னதுதான். மகன் மான்செஸ்டரில் படிக்கிறான் என்று மாதாமாதம் வரும் ஓர் அம்மா மட்டும் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, “இன்னும் இறங்குமா தம்பி, அடுத்த வாரம் வாங்கவா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளையின் கட்டணத்துக்காக வீட்டை அடமானம் வைத்தவர் அவர். ஆனால் ஒரு நாட்டுக் காசு இறங்குவது என்றால் என்ன என்று அம்மா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அன்று மதியம் சாப்பிடும்போது நண்பர்கள் பேசியதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. “பார்த்தியா, 650 இடத்துல 326 எடுக்க ஒரு கட்சிக்கும் முடியல, நாடே சந்தி சிரிக்குது. நம்ம ஊர்ல இப்படி நடக்குமா?” என்றார் ஒருவர். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். இங்கே சிங்கப்பூரில் 2015 தேர்தலில் 89 இடத்தில் 83 ஒரே கட்சிக்குப் போனது, அந்தக் கணக்கில் வளர்ந்தவர்களுக்குத் தொங்கு நாடாளுமன்றம் என்றால் கூரை இடிந்த வீடு மாதிரித் தெரியும், அது புரிகிறது. ஆனால் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். அடுத்த தேர்தலுக்கு 2020 வரைக்கும் நேரம் இருந்தது. முன்கூட்டியே தேர்தல் கிடையாது என்று பலமுறை சொன்ன அப்போதைய பிரதமர் தெரசா மே, ஏப்ரல் 18 அன்று தன் அலுவலக வாசலில் வந்து நின்று தேர்தல் என்றார். கருத்துக்கணிப்பில் அப்போது 20 புள்ளி அளவுக்கு முன்னிலை. வலுவான, நிலையான ஆட்சி வேண்டும், பிரெக்ஸிட் என்ற ஒன்றிய விலகல் பேச்சுவார்த்தைக்குத் தன் கையைப் பலப்படுத்துங்கள் என்று கேட்டார். மக்கள் யோசித்துவிட்டு, உங்கள் கைக்கு அவ்வளவு பலம் தர மாட்டோம் என்றார்கள். கன்சர்வேட்டிவ் 317 இடத்தில் நின்றது, இருந்த பெரும்பான்மையும் போனது. தேறாது என்று எல்லாரும் எழுதிய கோர்பினின் லேபர் கட்சி 30 இடம் கூடி 262. ஓட்டுக் கணக்கில் 42 சதவீதத்துக்கு 40. லண்டனில் பணக்காரர்கள் இருக்கும் கென்சிங்டன் தொகுதியில் மறுபடி மறுபடி எண்ணி, வெறும் 20 ஓட்டில் லேபர் ஜெயித்தது. இதில் சந்தி சிரிக்க என்ன இருக்கிறது? வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்வதும் ஒரு பதில்தானே. இதை அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதற்கு அப்புறம் நடந்தது வேறு கதை. வட அயர்லாந்தின் டி.யூ.பி. (ஜனநாயக யூனியனிஸ்ட்) கட்சியில் 10 எம்.பி.க்கள் இருந்தார்கள். அந்த 10 பேரின் ஆதரவுக்காக ஜூன் 26 அன்று ஒப்பந்தம் ஆனது, வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு. இதுதான் அங்கே பலரைக் கொதிக்க வைத்தது என்று அண்ணன் சொன்னான், அண்ணி வேலை செய்யும் மருத்துவமனையில் இடைவேளை நேரமெல்லாம் இதே பேச்சாம். தேர்தலுக்குச் சில நாள் முன்னால் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு தாதி (நர்ஸ்) எழுந்து, 2009-லிருந்து என் சம்பளம் ஏறவில்லை என்று கேட்டதற்கு, உலுக்கினால் பணம் கொட்டும் மந்திர மரம் எதுவும் நம்மிடம் இல்லை என்று மே பதில் சொல்லியிருந்தார். மூன்று வாரம் கழித்து 10 பேருக்காக அந்த மரம் எங்கிருந்து முளைத்தது என்று தாதிகள் கேட்டார்கள். ஒப்பந்தம் ஆன இரண்டு நாளில், நாடாளுமன்றத்தில் பொதுத்துறைச் சம்பள உயர்வை 1 சதவீதத்தோடு நிறுத்தி வைக்கும் வரம்பை நீக்கச் சொன்ன தீர்மானம் 323-க்கு 309 என்று தோற்றது. அண்ணியும் தாதிதான்.

எங்கள் கடையில் வட அயர்லாந்து வங்கிகள் அச்சடித்த நோட்டை எடுப்பதில்லை. அதுவும் பவுண்டுதான், மதிப்பும் ஒன்றுதான், ஆனால் இங்கே திரும்பக் கொடுக்க ஆள் கிடைக்காது. போன வாரம் ஒருவர் அப்படி ஒரு 10 பவுண்டு நோட்டை நீட்டினார். பெல்ஃபாஸ்டில் இருந்து வந்தவராம். மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, “எங்கள் ஊரில் 56 சதவீதம் பேர் ஐரோப்பாவில் இருக்கலாம் என்றுதான் ஓட்டுப் போட்டோம்” என்றார், நான் கேட்காமலே. அந்தப் 10 பேரோ விலகல் பக்கம்.

சரி, அண்ணன் வீட்டுக் கதைக்கு வருகிறேன், எனக்கு இதில் வலிப்பது அங்கேதான்.

அண்ணன் 1999-இல் வேலைக்காக லெஸ்டர் போனவன், இன்றைக்கும் சிவப்பு நிறச் சிங்கப்பூர் பாஸ்போர்ட்தான். அண்ணி யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் பெற்றோரோடு நெதர்லாந்து போய், அங்கேயே படித்து டச்சுக் குடியுரிமை வாங்கியவர், 2003-இல் இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்தார். மகள் அங்கே பிறந்தவள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். ஒரே வீட்டில் மூன்று பாஸ்போர்ட். காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் அங்கே குடியிருந்தால் ஓட்டுப் போடலாம், சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை எல்லாமே அதில் அடக்கம். அதனால் அண்ணனுக்கு வாக்கெடுப்பிலும் ஓட்டு, இந்தத் தேர்தலிலும் ஓட்டு. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் தவிர மற்ற ஐரோப்பிய நாட்டுக்காரர்களுக்கு இரண்டிலும் ஓட்டு இல்லை. அதாவது, அண்ணி அந்த நாட்டில் தங்கலாமா என்பதையே அசைத்துப் பார்க்கும் கேள்விக்கு, 13 வருடம் வரி கட்டி, இரவு வேலை பார்த்து, அந்த ஊர் முதியவர்களைக் குளிப்பாட்டி விட்ட அண்ணியைக் கேட்கவில்லை, அண்ணனைக் கேட்டார்கள். லெஸ்டரில் இருக்கலாம் என்றவர்கள் 51 சதவீதம், நூலிழைதான். “ரெண்டு பேர் ஓட்டையும் நானே போட்ட மாதிரி நினைச்சுக்கிட்டுப் போட்டேன்டா” என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னான், குரல் சரியாக இல்லை.

அண்ணி மாதிரி ஐரோப்பிய நாட்டுக்காரர்கள் 2017-இல் அங்கே சுமார் 30 லட்சம் பேர் இருந்தார்கள். 2016-லேயே அண்ணி நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தார். 85 பக்கம். ஐந்து வருடக் கணக்கு காட்ட வேண்டும், அந்த ஐந்து வருடத்தில் நாட்டை விட்டு வெளியே போன ஒவ்வொரு பயணமும், போன தேதி, வந்த தேதி, காரணம். சமையலறை மேசையில் பழைய சம்பளச் சீட்டு, கவுன்சில் வரி ரசீது, மின்சாரக் கட்டணம் எல்லாவற்றையும் வருட வாரியாக அடுக்கி, அடுக்குக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பதை வீடியோவில் காட்டினார். 2017 ஜூன் 26 அன்று, அதே ஒப்பந்தம் வந்த நாளில்தான், ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தவர்கள் தங்கலாம், அதற்கென்று ஒரு புது அந்தஸ்து வரும், இப்போதைக்கு யாரும் எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னது. சொன்ன அரசாங்கம் 10 பேரின் தயவில் நின்றது, பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சுவார்த்தை ஜூன் 19 அன்றுதான் தொடங்கியிருந்தது, ஒன்றியத்தார் இது போதாது என்றார்கள். அண்ணி ரப்பர் வளையத்தைக் கழற்றவில்லை. பிரிட்டிஷ் குடியுரிமையே வாங்கிவிடலாமே என்று கேட்டேன். ஒன்றுமில்லாமல் வந்து நின்ற பிள்ளைக்கு முதலில் கதவைத் திறந்த நாடு நெதர்லாந்து, அந்தப் பாஸ்போர்ட்டை விட மனமில்லை என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

அம்மா கதை இதுதான். 1967 நவம்பரில் லண்டனில் பிரதமர் வில்சனின் அரசாங்கம் பவுண்டின் மதிப்பை 14.3 சதவீதம் குறைத்தது. அப்போது சிங்கப்பூர் வெள்ளி வந்து ஐந்து மாதம்தான், பழைய மலாயா நோட்டும் செல்லும் என்று இரண்டும் புழக்கத்தில் இருந்தன. புது வெள்ளி இறங்கவில்லை, பவுண்டோடு கட்டி வைத்திருந்த பழைய நோட்டு இறங்கியது. சனிக்கிழமை 1 வெள்ளியாக இருந்தது அதற்கப்புறம் 85 காசு. அம்மா அண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மைலோ டின்னில் போட்டு வைத்திருந்ததெல்லாம் பழைய நோட்டு. மதிப்பைக் குறைத்த விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது, லண்டனில் யார் என்ன பேசினார்கள் என்று தெரியாது. டின்னைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை சரியாக இருந்தும் காசு குறைந்துபோனதை நம்ப முடியாமல் இரண்டாவது தடவை எண்ணியதாகச் சொல்வார். இரண்டு மாதத்தில், 1968 ஜனவரியில், கிழக்கே உள்ள படைத்தளங்களை மூடப்போகிறோம் என்று லண்டனிலிருந்து அடுத்த அறிவிப்பு. அப்பா இங்கே செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதனால்தான் “அங்கே நடந்தா நமக்கென்ன, பவுண்டு மலிஞ்சா நல்லதுதானே” என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. இங்கே இருக்கும் எத்தனை தமிழ்க் குடும்பத்துக்கு அங்கே லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஒரு மாமா, ஒரு சித்தி இருக்கிறார்கள்? அதில் எத்தனை பேர் ஜெர்மனி, டென்மார்க், பிரான்ஸ் பாஸ்போர்ட்டில் இருக்கிறார்கள்? ஒரு போன் போட்டுக் கேளுங்கள், பவுண்டு என்ன விலை என்று கேட்காமல் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

நேற்று இரவு அண்ணி கூப்பிட்டார். “தம்பி, மாமாவின்ர செத்த வீட்டுக்கு நாங்கள் வந்தது எந்தத் திகதி எண்டு ஞாபகமிருக்கோ? பட்டியலில அது ஒண்டுதான் எழுதாமல் கிடக்குது” என்றார். அப்பா 2014-இல் போனார். அப்பா போன நாள் எனக்கு நினைவிருக்கிறது, அவர்கள் வந்து இறங்கிய நாள் நினைவில்லை. அம்மாவிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து அந்த மைலோ டின்னை எடுத்து வந்தார், அதே டின்தான், மூடி துருப்பிடித்துப் பச்சை நிறம் பாதி போய்விட்டது. உள்ளே மாற்றாமல் வைத்த ஒரே ஒரு பழைய வெள்ளி நோட்டு, அப்பாவின் தள நுழைவு அட்டை, கோயில் ரசீதுகள், நாலாக மடித்த இரங்கல் விளம்பரம், அதற்கு உள்ளே மூன்று போர்டிங் பாஸ் துண்டுகள். எழுத்து மங்கியிருந்தது, விளக்குக்குக் கீழே பிடித்தால் தேதி தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: “நன்றி தம்பி. திரும்பிப் போன திகதியும் வேணும்.”

அந்தத் துண்டு டின்னில் இல்லை. காலையில் அப்பாவின் பழைய டைரியை எடுத்துத் தேட வேண்டும், காரியச் செலவுக் கணக்கை அண்ணன் அதில்தான் எழுதினான்.