மூணாற்றுச் சரிவுகளில் உணரிகளும் லைடாரும்

மூணாறு எஸ்டேட்டுகளில் மழையளவைக் குறித்து வைப்பது நெடுநாளைய வழக்கம். காலையில் ஆபீஸ் முற்றத்து மழைமானியிலிருக்கும் நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதிவிடுவார்கள். அந்த நோட்டுகள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பகலும் இரவுமாக விட்டுவிட்டுப் பெய்த 200 மில்லிமீட்டரும், நள்ளிரவில் 3 மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த 200 மில்லிமீட்டரும் அதில் ஒரே எண்ணாகத்தான் நிற்கும். நிலச்சரிவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். பலருக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுதான் பூர்வீகம். அதன்பிறகு இங்கு வந்த ஆய்வுக் குழுக்களுக்கு வழிகாட்டியாகச் சரிவுகளில் ஏறி இறங்கியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதைவிட, மண்ணுக்குள் நீர் எவ்வளவு அழுத்தத்தோடு நிற்கிறது என்பதே முக்கியம். மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் பிடிமானத்தில்தான் சரிவு நிற்கிறது. இடுக்குகளில் நீரழுத்தம் ஏற ஏற, துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று தாங்கும் பாரம் குறைந்து அந்தப் பிடி தளர்கிறது.

இதை அளப்பது பீசோமீட்டர். துளையிட்டு, வேண்டிய ஆழத்தில் கருவியை இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பி, அதற்கு மேலே பென்டோனைட் களிமண்ணால் அடைக்கிறார்கள். நீர் பட்டதும் ஊதிப் பெருத்துத் துளையை இறுக்கும் களிமண் அது. கருவிக்குள் மெல்லிய தகடொன்றும் அதனோடு இழுத்துக் கட்டிய கம்பியொன்றும் உள்ளன. நீர் தகட்டை அழுத்தும்போது கம்பியின் இழுவிசை மாறி, அதை மின்துடிப்பால் மீட்டினால் எழும் அதிர்வெண்ணும் வீணைத் தந்தியின் சுருதி போல மாறுகிறது. மின்னழுத்தத்தை அனுப்பும் கருவிகளில் நீளமான கேபிளால் அளவீடு கெடக்கூடும்; அதிர்வெண்ணுக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. என்னைக் கேட்டால், இவ்வேலையில் மிகுந்த கவனம் வேண்டுவது களிமண் அடைப்புக்குத்தான். அது சரியில்லையென்றால் மேல்மழை துளை வழியே இறங்கிவிடும், கருவியும் அதையே நிலத்தடி நீரழுத்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

மழைமானியும் இப்போது தானியங்கிதான். இருபுறமும் சாயும் சின்னக் குவளையொன்று நிறைந்து கவிழும்போதெல்லாம் ஒரு துடிப்பு பதிவாகிறது. புனலில் சில்வர் ஓக் இலை விழுந்து அடைத்துக்கொண்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய கருவியும் பயன்படாது.

பீசோமீட்டரை எங்கே இறக்குவது என்பதற்குத்தான், லேசரால் நிலத்தின் வடிவை அளக்கும் லைடார் தேவைப்படுகிறது. ட்ரோனிலிருந்து விழும் லேசர் துடிப்புகளில் சில மர இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்புகின்றன. மற்றவற்றைக் கணினியில் நீக்கிவிட்டால், பழைய சரிவுகளின் தழும்புகளும் நீர் கூடும் பள்ளங்களும் துலங்குகின்றன. காட்டில் இது நன்றாகவே நடக்கிறது. தேயிலையில்தான் தொல்லை: கவாத்து செய்து பாய் விரித்தாற்போல நிற்கும் செடிகளுக்கிடையே லேசர் இறங்க வழி குறைவு என்பதால், கணினி செடியின் மேல்மட்டத்தையே தரையென்று எடுத்துக்கொள்ளக்கூடும். கவாத்தில் கிளைகளை வெட்டி முடித்த தேயிலைத் தோட்டத்தில், இலை துளிர்க்கும் முன்பே ஸ்கேன் செய்வதுதான் உசிதம்.

நிலம் நகர்வதை வானிலிருந்து அளக்கும் செயற்கைக்கோள் ராடாரும் உண்டு. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நாசா-இஸ்ரோ செயற்கைக்கோளான நிசார், 12 நாளுக்கொருமுறை ஒரே இடத்தைப் பார்க்கிறது. மெல்ல நகரும் சரிவுகளுக்கு அது உதவும். பெட்டிமுடியில் நேர்ந்ததுபோல் நிமிடங்களில் பாய்ந்துவரும் சேற்று வெள்ளத்துக்கு உதவாது.

மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா விஷ்வ வித்யாபீடம் என்ற பல்கலைக்கழகம் 2009-இல் அமைத்த கம்பியில்லா உணரி வலையமைப்பு, அளவீடுகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கொல்லத்திலுள்ள அதன் வளாகத்துக்கு அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டது. பெட்டிமுடிக்காரர்களுக்கு அந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்: அன்றிரவு மின்சாரமும் கைபேசித் தொடர்பும் இல்லாததால் செய்தி வெளியே வர மறுநாள் காலையாயிற்று. சோலார் பலகையும் ஆனி, ஆடி மாதங்களில் பெயருக்குத்தான். ஆகவே காய்ந்த நாள்களில் உணரிகள் அரிதாக விழித்து அளந்து, மழை வலுத்ததும் அடிக்கடி அளக்குமாறு அமைத்தால்தான் பேட்டரி பருவம் முழுவதற்கும் தாங்கும்.