எதிரியின் முகம், எதிரி இருந்த இடம்

முன்பின் தெரியாத ஆள் செய்த குற்றம் என்றால் வழக்கே இரண்டு கேள்விகளில்தான் நிற்கும். சாட்சி பார்த்தது எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்ட இவரைத்தானா? அந்த நேரத்தில் இவர் அங்கே இருந்தாரா? இரண்டுக்கும் விடை சொல்லும் ஆதாரம் சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில்தான் உயிரோடு இருக்கும். சாட்சிக்கு முகம் மங்கிவிடும், கடை கேமராவின் பதிவு அழிந்துவிடும். விசாரணை தொடங்கிய பிறகு குறுக்கு விசாரணையிலேயே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த வழக்குகளில் தோற்கிறார்கள்.

முதலில் முகம். நீதிமன்றக் கூண்டில் ஏறி "இவர்தான்" என்று சாட்சி சொல்வதுதான் சட்டப்படி முதன்மைச் சாட்சியம். சிறையில் நடக்கும் அடையாள அணிவகுப்பு அதற்கு வலுச் சேர்ப்பது மட்டுமே. ஆனால் முன்பின் அறியாத ஒருவரை அணிவகுப்பே நடத்தாமல், வருடக்கணக்கில் கழித்துக் நீதிமன்றத்தில் மட்டும் காட்டினால் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. 1979-ல் கண்ணன் எதிர் கேரள மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. காரணம் எளிது. எதிரிக்கான கூண்டில் நிற்பது யார் என்று நீதிமன்றத்துக்குள் நுழையும் எவருக்கும் தெரியும்.

அணிவகுப்பு நடக்கும் முறை இது. விசாரணை அதிகாரி மனுக் கொடுப்பார். பொதுவாகத் தலைமை நீதித்துறை நடுவர் ஒரு நடுவரை (மாஜிஸ்திரேட்டை) நியமிப்பார். அவர் சிறைக்குப் போய், வயது, உயரம், நிறம், தாடி மீசையில் ஒத்துப்போகும் ஆட்களைச் சிறைவாசிகளிலிருந்து தேர்ந்து எதிரியோடு வரிசையில் நிறுத்துவார். ஒரு எதிரிக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்பது நடைமுறை. எதிரி விரும்பிய இடத்தில் நிற்கலாம், சட்டை மாற்றிக்கொள்ளலாம், ஆட்சேபம் சொல்லலாம். சொன்னதை நடுவர் எழுதிக்கொள்ள வேண்டும். முகத்தில் தழும்பு இருந்தால் அந்த இடத்தில் காகிதம் ஒட்டி, மற்றவர்களுக்கும் அதே இடத்தில் ஒட்டுவார்கள். சாட்சிகள் ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். பார்த்து முடித்தவர் காத்திருப்பவரிடம் பேச வழி இருக்கக் கூடாது. காவலர் எவரும் அருகில் இருக்கக் கூடாது. இருந்தால் சாட்சி காட்டியது காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலம் ஆகிவிடும். அதைச் சாட்சியமாகப் பயன்படுத்தத் தடை உண்டு.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் அணிவகுப்புக்கு முன்னால்தான். கைது செய்த அன்றே எதிரியின் படம் நாளிதழிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடும். ரிமாண்டுக்கு முகத்தை மூடாமல் கூட்டி வருவார்கள், சாட்சி அதே வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். ஸ்டேஷனில் "இவன்தானே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அதற்குப் பிறகு சாட்சி அடையாளம் காட்டுவது சம்பவத்தில் பார்த்த முகத்தை அல்ல, ஸ்டேஷனில் பார்த்த முகத்தை. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறார். அதனால்தான் இந்தத் தவறு ஆபத்தானது. சாட்சியின் உறுதி வேறு, சாட்சியம் சரியாக இருப்பது வேறு.

எதிர்த்தரப்பு, அதாவது எதிரிக்காக வாதாடும் வழக்கறிஞர் முதலில் தேட வேண்டியது நடுவரின் அணிவகுப்பு அறிக்கையைக்கூட அல்ல. சாட்சி காவல்துறையிடம் முதலில் கொடுத்த வாக்குமூலத்தை. அதில் உயரம், உடல்வாகு, உடை என்று ஏதாவது அடையாளம் சொன்னாரா? ஒன்றுமே சொல்லாதவர் மூன்று மாதம் கழித்து எப்படிக் காட்டினார்? அடுத்தது வெளிச்சம். இரவுச் சம்பவம் என்றால் பார்வை மகஜரையும் (சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் குறிப்பு) வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தெருவிளக்கு எங்கே, சாட்சி நின்ற இடத்திலிருந்து எத்தனை அடி? மின்தடை இருந்ததா என்று நிரூபிக்க மின்வாரியப் பொறியாளரைச் சாட்சியாகப் போடுவது நம் ஊர் நீதிமன்றங்களில் பழைய வழக்கம். அவரை விசாரிக்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். கத்தி நீட்டப்பட்டபோது சாட்சியின் கண் முகத்தில் இருந்ததா, கத்தியில் இருந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இனி இடம். வேற்றிட வாதம், அதாவது சம்பவ நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்ற வாதம் (அலிபி), தனிச் சட்ட விலக்கு அல்ல. தற்காப்பு உரிமையைப் போல தண்டனைச் சட்டத்தில் அதற்கென்று பிரிவு கிடையாது. சாட்சியச் சட்டத்தில் ஒரு பொருத்தமான சங்கதி, அவ்வளவுதான். 1872-ன் பழைய சாட்சியச் சட்டத்தின் 11-வது பிரிவில் கல்கத்தாவில் குற்றம், எதிரி லாகூரில் இருந்தார் என்பது உதாரணம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியமின் 9-வது பிரிவில் அது சென்னையும் லடாக்கும் ஆகிவிட்டது. உண்மை வழக்குகளில் இவ்வளவு தூரம் கிடைக்காது. அடுத்த தெருவில் இருந்தேன், பட்டறையில் இருந்தேன், மாமனார் வீட்டில் இருந்தேன் என்றுதான் வரும். அங்கேதான் கஷ்டம். அந்த நேரத்தில் சம்பவ இடத்தில் இருந்திருக்கவே முடியாது என்று காட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் இரவு 9.30-க்குச் சம்பவம். எதிரி 9 மணிக்கு மதுரையில் இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் சுமார் 460 கிலோமீட்டர் அவரைக் காப்பாற்றும். அதே ஆதாரம் மதியம் 12 மணிக்கானது என்றால் பயனில்லை. எட்டு மணி நேரத்தில் கார் வந்து சேர்ந்துவிடும். வருகைப் பதிவேட்டில் காலை கையெழுத்து இருக்கும், நடுவில் வெளியே போனாரா என்பது இருக்காது. பேருந்துச் சீட்டில் பெயர் கிடையாது. மருத்துவமனையின் வெளிநோயாளர் சீட்டைவிட உள்நோயாளர் கேஸ் ஷீட் பல மடங்கு வலுவானது, ஏனென்றால் செவிலியர் நேரம் போட்டு எழுதியிருப்பார். செல்போன் டவர் பதிவு போன் இருந்த இடத்தைத்தான் சொல்லும். அது யார் கையில் இருந்தது என்று தனியாக நிரூபிக்க வேண்டும்.

கேமரா பதிவு இருந்தால் முதல் வாரத்திலேயே கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் பாதுகாத்து வைக்கச் சொல்லி எழுதுங்கள். தராவிட்டால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவில் நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். டிவிடியில் ஏற்றிக் கொடுத்தால் மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்துக்காகப் புதிய சாட்சியச் சட்டம் கேட்கும் 63(4) சான்றிதழ் வேண்டும், ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்), அ பகுதியும் நிபுணர் கையெழுத்திடும் ஆ பகுதியும் சேர்த்து. இது இல்லாமல் ஆதாரம் வாசலிலேயே நின்றுவிடும்.

எப்போது சொல்வது? நம் சட்டத்தில் முன்கூட்டியே அறிவிக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் கடைசியில் நீதிபதி எதிரியைக் கேள்வி கேட்கும் கட்டத்தில் முதல்முறையாகச் சொன்னால் "பின்யோசனை" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஜாமீன் மனுவிலேயே சொல்லுங்கள். அரசுத் தரப்பு முதல் சாட்சியிடமே "அன்று எதிரி அங்கே இல்லை, இன்ன இடத்தில் இருந்தார்" என்று கேட்டு வையுங்கள். பிறகு எதிர்த்தரப்புச் சாட்சியையும் கூண்டில் ஏற்றுங்கள். சொந்தக்காரர் என்பதால் அவர் சாட்சியத்தை ஒதுக்கிவிட முடியாது. எதிர்த்தரப்புச் சாட்சிகளையும் அரசுத் தரப்புச் சாட்சிகளைப் போலவே சமமாகப் பார்க்க வேண்டும் என்று 1981-ல் தூத்நாத் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வேற்றிட வாதத்தை முழு உறுதியோடு நிரூபிக்கும் பாரம் எதிரிக்கு உண்டு என்பது 1997-ல் வெளியான பினய் குமார் சிங் தீர்ப்பு. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக் காட்டுகிறவர்கள் அதிகம். அதே தீர்ப்பில், அரசுத் தரப்பு முதலில் தன் வழக்கை நிரூபித்த பிறகே அந்தப் பாரம் வருகிறது என்றும், எதிரியின் ஆதாரம் நியாயமான சந்தேகத்தை எழுப்பினால் அதன் பலன் அவருக்கே என்றும் இருக்கிறது. எழுத்து வாதத்தில் இந்த மூன்று வரிகளையும் சேர்த்தே எடுத்து எழுதுங்கள்.