எண் போட்ட கற்கள்

டர்பைனின் சுழலும் பாகமான ரோட்டார், எடை சமன் பார்க்கும் பேலன்சிங்குக்காக வெளியூர் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தது. திரும்பி வர இன்னும் மூன்று நாள் ஆகும் என்றார்கள். டர்பைன் கூட்டின் மேல் பாதியான மேல் கேசிங்கைக் கழற்றி மரக்கட்டைகள் மேல் வைத்திருந்தோம். கீழ் கேசிங் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. 2019 ஜூலை மாதம், தாய்லாந்தின் வடகிழக்கில் புரிராம் மாகாணத்தில் ஒரு சர்க்கரை ஆலை. கரும்பு அரவை டிசம்பர் வாக்கில்தான் தொடங்கும். அதற்கு முன் கரும்புச் சக்கையில் ஓடும் மின் நிலையத்தின் டர்பைனைப் பிரித்து, பார்த்து, மறுபடி பூட்டித் தர வேண்டும். இருபது வருடமாக நான் ஊர் ஊராகப் போய்ச் செய்கிற வேலை இதுதான்.

அங்கே எனக்குத் துணையாக இருவரைக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற இரண்டு வருடமே மிச்சமிருந்த மூத்த ஃபிட்டர். இன்னொருத்தி படிப்பை முடித்து வேலைக்கு வந்திருந்த இளம் பொறியாளர். எங்கள் இருவருக்கும் நடுவே மொழி அவள்தான். அவரை ‘லுங்’ என்பாள், பெரியப்பா முறை. என்னை ‘பீ’ என்பாள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் பொதுவான சொல் அது.

லுங்கிடம் ஒரு பழக்கம் இருந்தது. பேரிங்கின் மட்டத்தைச் சரிசெய்ய அடியில் கொடுத்திருக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்களை ஒவ்வொன்றாக எடுப்பார். மைக்ரோமீட்டரில் அளப்பார். பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதில் சுற்றுவார். தாளின் மேல் எண் போடுவார், தாய் எண்களில். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அந்த ஷிம் எந்தப் பக்கம், எந்த மட்டத்தில் இருந்தது என்று படம் வரைவார். ஒரு மணி நேர வேலைக்கு அரை நாள் போனது. இரண்டாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “கொஞ்சம் சீக்கிரம் செய்யச் சொல்லும்மா” என்று அவளிடம் சொன்னேன். அவள் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த தாளைக் கிழித்தார்.

ஆஷாட பௌர்ணமி நெருங்கியது. புத்தர் சாரநாத்தில் ஐந்து சீடர்களுக்கு முதல் உபதேசம் செய்த நாள். மறுநாள் பிக்குகளின் மழைக்கால வாசம் தொடங்குகிறது. மூன்று மாதம் அவர்கள் வெளியூரில் தங்க மாட்டார்கள். இரண்டு நாளும் அங்கே விடுமுறை. பௌர்ணமிக்கு முந்தின நாள், “பீ, நாளைக்கு லுங் உங்களைத் தன் ஊர்ப்பக்கம் கூட்டிப் போகிறாராம்” என்றாள். அறையில் கிடந்து என்ன செய்யப் போகிறோம் என்று சரி சொன்னேன். அந்த ஒரு நாள் என் வேலையைப் பற்றி எனக்கு இவ்வளவு கற்றுத் தரும் என்று நினைக்கவில்லை.

காலை ஆறு மணிக்கே அவருடைய பிக்கப் வண்டியில் கிளம்பினோம். அவர் ஊர் பிரக்கோன் சாய் பக்கம். ஊர் விகாரையில் ஏற்கெனவே கூட்டம். மழைக்கால வாசத்துக்காகப் பிக்குகளுக்குப் பெரிய மெழுகுவர்த்திகளைக் கொடுப்பது பழைய வழக்கம். மூன்று மாதம் இரவில் படிக்க வெளிச்சம் வேண்டுமே. இப்போது மெழுகுவர்த்தியோடு டியூப்லைட்டும் சேர்ந்துவிட்டது. நீளமான டியூப்லைட் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு கிழவிகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கொடுப்பது வெளிச்சம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

லுங்கின் அம்மாவும் அங்கே இருந்தார். அம்மாவும் மகனும் பேசிக்கொண்டது தாய் மொழி இல்லை என்று ஓசையிலேயே தெரிந்தது. கெமர், என்றாள் பெண். கம்போடியாவின் மொழி. எல்லைக்கு இந்தப் பக்கமும் வீட்டில் அதைப் பேசுகிறவர்கள் ஏராளம். அங்கோர் பேரரசு இந்த மாகாணத்தையும் தாண்டிப் பரவியிருந்தது. அரசு போய்விட்டது, பேச்சு வீடுகளில் தங்கிவிட்டது.

பனோம் ருங் ஓர் அணைந்த எரிமலையின் தலையில் இருக்கிறது. பெயரே கெமர்தான், பரந்த மலை என்று பொருள். சுற்றியிருக்கும் வயல்களிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். 10ஆம் நூற்றாண்டிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வரை கட்டியும் சேர்த்தும் வந்த சிவன் கோயில். அங்கோர்வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் உறவினர் நரேந்திராதித்யன் இங்கே முக்கியமானவர். அவர் மகன் ஹிரண்யன் தந்தையைப் புகழ்ந்து வைத்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

கோயிலுக்குப் போகும் நடைபாதை 160 மீட்டர். செம்புரைக்கல் பாவிய தரை, இரண்டு பக்கமும் தாமரை மொட்டுத் தலையோடு கல் தூண்கள். பிறகு நாகங்கள் கைப்பிடியாகப் படுத்திருக்கும் பாலம். பாலத்தின் நடுவில் எட்டிதழ்த் தாமரை. பிறகு படிகள். மூச்சு வாங்கி நிமிர்ந்தால், இளஞ்சிவப்பு மணற்கல்லில் கோபுரம்.

கிழக்கு வாசலில் நான் நின்றுவிட்டேன். நிலைக்கு மேலே பாம்பணையில் பெருமாள் படுத்திருக்கிறார், உந்தியிலிருந்து தாமரை எழுகிறது. அதற்கு மேல் முகப்பில் சிவன் ஆடுகிறார், பல கைகளோடு. சிதம்பரத்தில் ஓரிடத்தில் நின்றால் நடராசரையும் கோவிந்தராசரையும் ஒருசேரப் பார்க்கலாம். அந்த இடத்தில் சிறு வயதில் அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டியது நினைவுக்கு வந்தது. இங்கே திரும்பக்கூட வேண்டியதில்லை, கண்ணை உயர்த்தினால் போதும். கையைக் கூப்பினேன். பக்கத்தில் லுங்கும் கூப்பியிருந்தார். அவர் புத்தரை வணங்குகிறவர். எதிரில் இருந்தது சிவனும் பெருமாளும். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

படுத்த பெருமாள் இருக்கும் அந்த நிலைக்கல் 1960களில் காணாமல் போனது. பிறகு அமெரிக்காவில் சிகாகோ கலைக்கூடத்தில் இருப்பது தெரியவந்தது. தாய்லாந்து மக்கள் விடாமல் கேட்டுக் கேட்டு 1988 நவம்பரில் திரும்ப வாங்கினார்கள். கோயிலைச் சீரமைத்துத் திறந்ததும் அதே ஆண்டுதான், மே மாதத்தில். அந்தக் கல் இல்லாமலேயே திறந்தார்கள், அதற்கான இடத்தைக் காலியாக விட்டு. அந்த ஆறு மாதக் காலியிடத்தை நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனால் மெஷின் வேலைக்காரன் கண்ணுக்குத் தீனி. சன்னல்களில் உருளை உருளையாகக் கல் கம்பிகள், லேத்தில் கடைந்தது போல வளையங்களோடு. கதவு நிலைகளின் மூலைகள் தச்சர் மரத்தில் சேர்ப்பது போலவே சாய்வாக வெட்டிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கல்லுக்கு அது தேவையே இல்லை. மரத்தில் பழகிய கை கல்லிலும் அப்படியே போயிருக்கிறது. கற்களுக்கு நடுவில் சாந்து கிடையாது. ஒரு கல்லின் மேல் இன்னொன்றை வைத்துத் தேய்த்துத் தேய்த்து முகத்துக்கு முகம் உட்கார வைத்திருக்கிறார்கள். டர்பைன் கேசிங்கின் மேல் பாதியையும் கீழ் பாதியையும் நாங்கள் சேர்ப்பதும் இப்படித்தான். நடுவில் கேஸ்கெட் வைக்க மாட்டோம். நீல மை தடவி, எங்கே படுகிறது எங்கே படவில்லை என்று பார்த்துத் தேய்ப்போம்.

பதினைந்து வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. ஆண்டில் நான்கு முறை, சில நாட்கள் மட்டும், உதிக்கும் சூரியனோ மறையும் சூரியனோ பதினைந்துக்குள்ளும் புகுந்து மறுபக்கம் தெரியும். பியானோ ஒயரை இழுத்துக் கட்டி நாலு பேரிங்கை நேர்கோட்டில் நிறுத்தவே எங்களுக்கு ஒரு ஷிஃப்ட் போய்விடும். நடுவில் கருவறை. அதில் லிங்கம், அபிஷேக நீர் வடக்கே போகக் கல் வாய்க்கால், நம் கோமுகி இருக்கும் அதே பக்கம்.

கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் வந்தோம். புல்தரையில் வரிசை வரிசையாகக் கற்கள். உடைந்த தூண், பாதி நாகத் தலை, கோபுரத்திலிருந்து விழுந்த துண்டுகள். சிலவற்றின் மேல் மங்கிய வண்ணத்தில் எண்கள்.

லுங் அங்கே குந்தி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. பெண் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இந்தக் கோயிலை 1971இலிருந்து 1988 வரை தாய்லாந்தின் நுண்கலைத் துறை பிரித்துக் கட்டியது. அப்போது லுங்கின் மாமா ஒருவர் இங்கே கூலி வேலைக்கு வந்திருக்கிறார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சிறுவன் லுங் வேலையாட்களுக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறான். ஒவ்வொரு கல்லையும் இறக்குவதற்கு முன் படம் வரைவார்கள், எண் போடுவார்கள், புல்லில் கொண்டுபோய் வைப்பார்கள். அடித்தளத்தைப் பலப்படுத்திவிட்டு எண் பார்த்து மறுபடி ஏற்றுவார்கள். ஒரு மழைக்காலத்தில் சில கற்களில் எண் கழுவிப்போய்விட்டதாம்.

“என்ன செய்தார்கள்?” என்று கேட்டேன்.

“மாமா அந்தக் கற்களைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். யாரும் திட்டவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.”

காலண்டர் தாள் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அதன் பிறகு நானும் ஒன்றைச் சொன்னேன், அதுவரை வேலையிடத்தில் யாரிடமும் சொல்லாததை. பல வருடங்களுக்கு முன் நம் நாட்டில் ஓர் ஆலையில், ராத்திரி ஷிஃப்டின் அவசரத்தில், எது எதோடு சேரும் என்று காட்டும் மேட்ச் மார்க் போடாமல் பேரிங்கைப் பிரித்தேன். ஷிம்களை ஒரே துணியில் கொட்டி வைத்தேன். பூட்டும்போது எல்லாம் சரியாகத்தான் இருப்பதாகத் தோன்றியது. ஓட்டியபோது அதிர்வு ஏறி, டர்பைன் தானாகவே டிரிப் ஆகி நின்றது. மூன்று நாள் ஓடவில்லை. கரும்பு வண்டிகள் சாலையில் வரிசையாக நின்றன. வெட்டிய கரும்பு வெயிலில் காயக் காய எடை குறையும், நஷ்டம் வண்டிக்காரனுக்கும் விவசாயிக்கும். தவறு என்னுடையது. அதற்குப் பிறகு மார்க் போடாமல் நான் எதையும் கழற்றியதில்லை. இருந்தும் இன்னொருவர் பொறுமையாக மார்க் போடுவதைப் பார்த்தபோது கடிகாரத்தைத்தான் பார்த்தேன். அதையும் அவரிடம் சொல்லச் சொன்னேன். லுங் என் முழங்காலில் இரண்டு முறை தட்டினார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கம்போடியாவின் அங்கோரில் பாபுவான் என்று ஒரு கோயில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் மலை போலக் கட்டிய சிவன் கோயில். 1960இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சீரமைக்கத் தொடங்கி, ஏறத்தாழ 3,00,000 கற்களைக் கழற்றி, எண் போட்டுக் காட்டில் பரப்பி வைத்தார்கள். உள்நாட்டுப் போர் வந்தது, வேலை நின்றது. 1975இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் ஆட்சியைப் பிடித்தபோது எந்தக் கல் எங்கே என்ற பதிவேடுகள் அழிந்தன. காட்டில் மூன்று லட்சம் கல், கையில் கணக்கு இல்லை. 1995இல் மறுபடி தொடங்கினார்கள். பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு, ஒரு கல்லின் செதுக்கல் எதன் செதுக்கலோடு சேருகிறது என்று தேடித் தேடி, 2011இல் முடித்தார்கள். இதை அன்றிரவு அறையில் படித்தேன். ஒரு துணியில் கொட்டிய ஷிம்களைப் பிரிக்க முடியாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தப் பதினாறு வருடம் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சமாவது தெரியும்.

அதே கோயிலின் மேற்குப் பக்கத்தில், பிற்காலத்தில் வந்த பௌத்தர்கள் கோயில் கற்களையே எடுத்து ஏறத்தாழ 70 மீட்டர் நீளத்துக்குப் படுத்த புத்தரைக் கட்டியிருந்தார்கள். சீரமைத்தவர்கள் அந்தக் கற்களைப் பழைய இடத்துக்குத் திருப்பவில்லை. புத்தரைப் படுத்தபடியே விட்டுவிட்டார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது.

மதியம் மலையடிவாரத்தில் ஒட்டுச்சோறு, சுட்ட கோழி, பிரக்கோன் சாய்க்குப் பேர் போன புளித்த இறால். அடுத்து முவாங் தாம், தரையில் இருக்கும் கோயில். ஒரே மேடையில் ஐந்து செங்கல் கோபுரங்கள் இருந்தன. நடுவில் இருந்தது அடியோடு போய்விட்டது. நான்கு மூலையிலும் மடங்கிய குளங்கள், கரை முழுக்க நாகங்கள், தண்ணீரில் அல்லி. அதன் அருகே ஏழாம் ஜெயவர்மன் காலத்து மருத்துவமனைக் கோயில் ஒன்று. அந்த பௌத்த அரசன் நாடு முழுக்க 102 மருத்துவமனைகள் நடத்தியதை 1186ஆம் ஆண்டின் தா புரோம் கல்வெட்டு சொல்கிறது. அவற்றின் வாசலில் நோயாளிகள் காத்திருந்திருப்பார்கள்.

சாயங்காலம் இன்னோர் அணைந்த எரிமலை, வாட் காவ் அங்கான். விகாரை புதியது. அதைச் சுற்றி எட்டுத் திசையிலும் நிற்கும் இலை வடிவக் கற்கள் துவாரவதி காலத்தவை, கெமர் கோயில்களுக்கும் முந்தியவை. ‘சேமா’ என்றாள் பெண். எல்லை என்று பொருள். எங்கள் மொழியிலும் சீமை என்று இதே சொல் இருக்கிறது என்றேன். அவள் லுங்கிடம் அதைச் சொல்ல, அவர் ஒரு கல்லைத் தொட்டு “சீமை” என்று சொல்லிப் பார்த்தார்.

நிலா ஏறியதும் எல்லோரும் மெழுகுவர்த்தி, மூன்று ஊதுபத்தி, ஒரு தாமரை மொட்டு ஏந்தி வலமாக மூன்று சுற்று நடந்தோம். புத்தருக்கு, தம்மத்துக்கு, சங்கத்துக்கு. யாரும் பேசவில்லை. காற்றில் என் திரி அணையும்போதெல்லாம் லுங் தன்னுடையதைச் சாய்த்து ஏற்றினார். சேமாக் கற்களின் மேல் எங்கள் நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன், அந்தக் கோயிலைக் கட்டியவர்களை உங்கள் மொழியில் என்னவென்று சொல்வீர்கள் என்று. “ச்சாங்” என்றார். ஆலையில் அவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கல்தச்சருக்கும் ஃபிட்டருக்கும் ஒரே சொல்.

ரோட்டார் வந்தது. காலண்டர் தாள்களைப் பிரித்துப் பிரித்து அவர் கொடுக்க, நான் வாங்கி வாங்கி வைத்தேன். தாய் எண்கள் ஒன்றிலிருந்து பத்து வரை அதற்குள் எனக்குப் பழகியிருந்தன. ஓட்டிப் பார்த்தோம். அதிர்வு, பிரிப்பதற்கு முன் இருந்ததில் பாதிகூட இல்லை.

கிளம்புவதற்கு முந்தின இரவு அந்த நோட்டுப் புத்தகத்தை ஆலைக்காகப் படி எடுக்க வேண்டும் என்று பெண்ணிடம் சொன்னேன். அடுத்த ஓவர்ஹால் நான்கு வருடம் கழித்துத்தான்; லுங் அப்போது இருக்க மாட்டார். கன்ட்ரோல் ரூமில் அவள் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் புதிதாக வரைந்தாள், நான் அளவுகளை வாசித்தேன். பதினொரு மணி போல முடிந்தது. லுங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஏழாம் பக்கத்தில் ஓர் அம்புக்குறியை மட்டும் ரப்பரால் அழித்து, எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டார்.