மூக்குத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்று கழற்றிவிடாதீர்கள்

மூக்கு குத்திய நான்காவது வாரம், காலையில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், மூக்குத்திக்கு ஒட்டினாற்போல் கீழ்ப்பக்கம் மிளகு அளவில் சிவப்பாக ஒரு மொட்டு. தொட்டால் பெரிய வலி இல்லை, ஆனால் ஈரமாக இருந்தது, துண்டால் ஒற்றியதும் லேசாக ரத்தம் வந்தது. அம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டாள்: "சதை வளர ஆரம்பிச்சிருச்சு. உனக்கு ஒத்துக்கல. கழட்டிரு."

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் புதிது இல்லை. சித்திக்கு 19 வயதில் மூக்கு குத்தி, இதே மாதிரி ஒரு கட்டி வந்து, இரண்டே மாதத்தில் கழற்றச் சொல்லிவிட்டார்கள். துளை மூடிவிட்டது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, "அவளுக்கு மூக்குத்தி ராசி இல்ல" என்று ஒரு பேச்சையும் கட்டிவிட்டார்கள். இன்று சித்திக்கு 46 வயது. கல்யாண வீடுகளில் ஒற்றைக்கல் போட்டவர்களை அவள் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கட்டிக்கும் ராசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதற்குக் காரணம் உண்டு, பெரும்பாலும் அந்தக் காரணத்தைச் சரிசெய்தால் கட்டி தானாகப் போய்விடும். எனக்குப் போனது.

நான் குத்தியது தை மாதம், பாளையங்கோட்டையில், ஒரு நகைக்கடையில், துப்பாக்கி மாதிரி இருக்குமே அந்தக் கருவியால். ஒரு நொடி வேலை. அந்தக் கருவியில் இருப்பது கூரான ஊசி இல்லை, மொட்டையான கம்பியை ஸ்பிரிங் விசையில் அடித்து உள்ளே தள்ளுகிறது, அதனால் சதை அறுபடாமல் நசுங்கிக் கிழிகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அதன் உடல் பிளாஸ்டிக் என்பதால் ஆஸ்பத்திரிக் கருவிகளை நீராவியில் கிருமி நீக்குவதுபோல அதை நீக்கவும் முடியாது. கடையில் மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார்கள்: தினமும் தேங்காய் எண்ணெய் விட வேண்டும், ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் திருகிவிட வேண்டும், 15 நாள் கழித்துத் தங்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மூன்றையும் அப்படியே செய்தேன். மூன்றுமே தப்பு.

திருகுவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எல்லா ஊரிலும் சொல்லப்படுகிறது. புதுத் துளை என்பது ஒரு புண். அதன் உட்சுவரில் புதுத் தோல் மெல்லிய சவ்வு மாதிரி இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வளர்ந்துகொண்டு வரும், கம்பியைச் சுற்றி நிணநீர் காய்ந்து பொருக்குத் தட்டும். நாம் திருகும்போது அந்தப் பொருக்கு அரம் மாதிரி உள்ளே போய் நேற்று வளர்ந்த தோலை இன்று கிழிக்கிறது. கம்பி தோலோடு ஒட்டிவிடும் என்ற பயம்தான் இதற்கெல்லாம் காரணம். அது ஒட்டாது. ஒட்டினதுபோல் தெரிவது வெறும் பொருக்கு, நனைத்தால் இளகிவிடும்.

அப்புறம் அந்தத் தங்க மூக்குத்தி. ஆச்சியுடையது, பழைய ஒற்றைக்கல், பின்னால் திருகு போட்டது. விழுந்துவிடக் கூடாது என்று மூன்றாவது வாரம் அதைப் போட்டு இறுக்கித் திருகிவிட்டேன். வீக்கம் முழுதாக வடியாத மூக்கில், முன்னால் கல்லும் பின்னால் திருகும் சேர்ந்து இருபுறமும் நெருக்கினால் ரத்த ஓட்டம் எங்கே போகும், கசிகிற நீர் எங்கே போகும்? அடுத்த வாரமே மொட்டு வந்துவிட்டது. தங்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை, ஆறிய மூக்குக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் கல்லுக்கு அடியில் வருஷக்கணக்கில் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கோடு, ஏற்ற இறக்கமாக இருக்கும் பற்றவைப்போடு, ஆறாத புண்ணுக்குள் அதை வைத்திருக்கக் கூடாது.

மொட்டு வந்த பிறகு நான் செய்தவை அதைவிட மோசம். அம்மா சொன்னாள் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசினேன், அது காய்ந்து துளையைச் சுற்றிக் கெட்டியாக அப்பிக்கொண்டது, அதைச் சுரண்டி எடுக்கும்போது மறுபடியும் ரத்தம். இணையத்தில் படித்துவிட்டு டீ ட்ரீ ஆயிலை நீர்க்காமல் வைத்தேன், இரண்டு நாளில் சுற்றியிருந்த தோல் உரிந்து எரிந்தது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து வைத்தால் அமுங்கும் என்றார்கள், அது அமிலம், புண்ணைச் சுட்டுவிடும். ஒரு ராத்திரி பொறுக்க முடியாமல் பிதுக்கிப் பார்த்தேன். உள்ளே சீழ் எதுவும் இல்லை, வெறும் ரத்தம்தான், காலையில் மொட்டு இரண்டு மடங்காகியிருந்தது. தயவுசெய்து யாரும் பிதுக்காதீர்கள். மூக்கைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களுக்கு மூளைக்கு அருகே உள்ள குழாய்களோடு தொடர்பு இருக்கிறது, மிக அரிதாகத்தான் என்றாலும் அந்த வழியாகக் கிருமி பரவினால் உயிருக்கே ஆபத்து.

ஆறாவது வாரம் தோல் டாக்டரிடம் போனேன். நான் பயந்து கேட்ட முதல் கேள்வியே "இது கெலாய்டா டாக்டர்?" என்பதுதான். அவர் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். கெலாய்டு என்பது தழும்பு அதன் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போவது, கெட்டியாக, ரப்பர் மாதிரி இருக்கும், பெரும்பாலும் குத்தி சில மாதம் கழித்துத்தான் தலைகாட்டும், தானாகக் குறையாது, அதற்கு ஸ்டீராய்டு ஊசி போன்ற சிகிச்சை வேண்டும். அம்மா அப்பா வழியில் யாருக்காவது காது குத்திய இடத்திலோ தோளிலோ நெஞ்சிலோ அப்படி வளர்ந்திருந்தால், மூக்கு குத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். என்னுடையது அது இல்லை. புண்ணை மூட உடம்பு அவசரமாகச் சதையையும் ரத்தக் குழாய்களையும் உருவாக்குகிறது, நாம் தொந்தரவு செய்துகொண்டே இருப்பதால் நிறுத்தத் தெரியாமல் அளவுக்கு மீறி உருவாக்கிவிடுகிறது, அதனால்தான் சிவப்பாக, ஈரமாக, தொட்டால் ரத்தம் வருகிற மாதிரி இருக்கிறது என்றார். தொந்தரவை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்றார். இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சித்தியிடம் அன்று சொல்லியிருக்கலாம்.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதல் வேலை, மூக்குத்தியை மாற்றினேன். நானாகக் கழற்றவில்லை, புதுத் துளையில் கழற்றினால் சில நிமிஷத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும், மறுபடி போடும்போது வேறு வழியாகக் குத்திவிடுவோம். சென்னையில் தங்கை இருக்கிறாள், அவள் விசாரித்துச் சொன்ன, ஊசியால் குத்துகிற ஒரு இடத்துக்குப் போய், டைட்டானியத்தில் நேர்க்கம்பியும் பின்னால் தட்டையான வட்டும் உள்ளதாகப் போட்டுக்கொண்டேன். உடம்புக்குள் வைக்கும் தரத்துக்கு ஏஎஸ்டிஎம் எஃப்136 என்று ஒரு குறியீடு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று சொல்லிக் கொடுப்பதிலும் நிக்கல் உண்டு, 316எல் வகையிலேயே 10 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். நன்றாகச் செய்த எஃகில் அது வெளியே கசிவது குறைவுதான், ஆனால் கவரிங் நகை போட்டால் அரிக்கிறவர்கள் புதுப் புண்ணில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். கம்பி கொஞ்சம் நீளமாக இருந்தது, வீக்கத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக. ஆனால் வீக்கம் வடிந்த பிறகும் அந்த நீளம் அப்படியே இருந்தால் கம்பி ஆடி ஆடி அதுவே புதுக் கட்டிக்குக் காரணமாகிவிடும், அதனால் இரண்டு மாதம் கழித்துப் போய்க் குட்டையானதாக மாற்றிக்கொண்டேன்.

இரண்டாவது, உப்புத் தண்ணீர். காலையும் இரவும், அவ்வளவுதான். மெடிக்கலில் நார்மல் சலைன் என்று கேட்டால் சின்ன பாட்டிலாகவே கிடைக்கும், அதில் உப்பு 0.9 சதவீதம், லிட்டருக்கு 9 கிராம். திறந்த பாட்டிலை நாள்கணக்கில் வைத்து ஓட்ட வேண்டாம். வீட்டில் செய்வதென்றால் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு தம்ளருக்கு, 250 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள், கால் டீஸ்பூன் உப்பு போதும். கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்காதீர்கள், தோல் வறண்டு வெடிக்கும். சுத்தமான காஸ் துணியை அதில் நனைத்து ஐந்து நிமிடம் வைத்திருந்தால் பொருக்கு இளகிவிடும், தானாக வருவதை மட்டும் ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை கம்பியில் சுற்றிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது: கையை வைக்காமல் இருப்பது. யோசிக்கும்போது மூக்குத்தியைத் தொடும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்றே தெரியவில்லை. ஒரு நாள் எத்தனை முறை கை போகிறது என்று எண்ணிப் பார்த்து அதிர்ந்துபோனேன். அதோடு, பவுடர் போடுவதை நிறுத்தினேன், வலப்பக்கம் சாய்ந்து படுப்பதை விட்டேன், தலைவழியாகப் போடும் சட்டைகளை ஒதுக்கிவிட்டு முன்னால் பட்டன் வைத்தவற்றையே போட்டேன். முகம் துடைக்கும் துண்டின் நூல்தான் பெரிய எதிரி, அதை மூக்குப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மெல்லிய துணியால் ஒற்றினால் போதும்.

பத்து நாளில் ஈரம் நின்றது. மூன்றாவது வாரம் சிவப்பு மங்கி மொட்டு சப்பையானது. ஐந்தாவது வாரம், விரலால் தடவினால் மட்டும் தெரிகிற அளவு. பிறகு ஒரு நாள் துப்பட்டா மாட்டி இழுத்ததில் மறுபடி கொஞ்சம் தலைதூக்கியது. அப்போது பயம் இல்லை, உப்புத் தண்ணீரோடு சும்மா இருந்தேன், பத்து நாளில் போய்விட்டது. மூக்கு முழுதாக ஆற நான்கு முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகும். வெளியே ஆறிவிட்டதாகத் தெரியும்போது உள்ளே இன்னும் புண்ணாக இருக்கும், அதனால் அவசரப்படாதீர்கள்.

எல்லாக் கட்டியும் சாது இல்லை. விண்விண்ணென்று தெறிக்கிற வலி, மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ், சிவப்பு கன்னம் வரை பரவுவது, காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அப்போதும் நீங்களாகக் கழற்றாதீர்கள், துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும்.

ஆச்சியிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் தன் கதையைச் சொன்னாள். அவளுக்கு ஆசாரி வீட்டுக்கே வந்து, மெல்லிய தங்கக் கம்பியின் கூர்முனையால் குத்தி, அந்தக் கம்பியையே வளையமாக முறுக்கிவிட்டுப் போனாராம். ஆறு மாதம் கழித்துத்தான் கல் வைத்தது. "அதுவரைக்கும் தொட்டா எங்கம்மா கையிலயே அடிப்பா. நீ பதினஞ்சு நாள்ல திருகாணி போட்டு முறுக்குனா மூக்கு என்ன செய்யும் ஏட்டி?" என்றாள். யோசித்துப் பார்த்தால், தளர்வான வளையம், இருபுறமும் அழுத்தம் இல்லை, ஆறு மாதம் மாற்றவில்லை, கை வைக்கவில்லை. டாக்டர் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேப்பங்குச்சி செருகலாமே என்று அவள் சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை, குச்சி ஈரத்தை உறிஞ்சும், அதன் நார் புண்ணில் தங்கிவிடும்.

போன வாரம் சித்தி வந்திருந்தாள். என் மூக்கை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். "எனக்கும் இப்படித்தான் சின்னதா இருந்துச்சு" என்றாள். அவளுடைய பழைய தழும்பு வெள்ளைப் புள்ளியாக இன்னும் இருக்கிறது. அதன் மேலேயே குத்தலாமா, தள்ளிக் குத்த வேண்டுமா என்று டாக்டரிடம் காட்டிக் கேட்டோம், தழும்பு தட்டையாகத்தான் இருக்கிறது, கெலாய்டு இல்லை, கொஞ்சம் தள்ளிக் குத்திக்கொள்ளலாம் என்றார். அடுத்த மாதம் இரண்டு பேரும் சென்னை போகிறோம். ஆச்சியின் ஒற்றைக்கல்லைப் பிசுக்கு எடுத்து மெருகு போடக் கொடுத்திருக்கிறேன். நான் டைட்டானியத்தோடேயே இருந்துகொள்கிறேன். ஒரு வருடம் கழித்து, துளை நன்றாக ஆறிய பிறகு, அது சித்திக்கு.