காட்டுச் சாலையில் தண்ணீரை வெளியேற்றுவது: ஜீப் கிளப் தன்னார்வலர்களுக்கு

அமெரிக்காவின் தேசிய வனங்களுக்குள் ஓடும் சாலைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 6 லட்சம் கிலோமீட்டர். சாதாரண கார் ஓடும் தரத்தில் பராமரிக்கப்படுவது அதில் சிறு பங்குதான். மீதியில் பெரும்பகுதி இரண்டாம் பராமரிப்பு நிலையைச் சேர்ந்தது, அதாவது தரை இடைவெளி அதிகமுள்ள வண்டிக்கு மட்டும் உரிய மண்சாலை. சாலையைச் சீவிச் சமன்செய்யும் வனத்துறையின் கிரேடர் இயந்திரம் இங்கே எப்போதாவதுதான் வரும். ஜீப் கிளப்புகள் தத்தெடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்தச் சாலைகளைத்தான்.

புதிதாகச் சேருகிறவர்கள் செயின்சா என்ற இயந்திர ரம்பத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் விழுந்த மரம் சாலையை மறிக்கும், அவ்வளவுதான். சாலையைக் கரைத்துக் கொண்டுபோவது தண்ணீர். ஒரு நாளில் பத்துப் பேர் மண்வெட்டியோடு வடிகால்களைத் திறந்துவிட்டால் அந்த வருடத்து மழையைச் சாலை தாங்கிவிடும்.

கிளம்பும் முன் காகித வேலையை முடித்துவிடுங்கள். வன அலுவலகத்தில் தன்னார்வ ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். 1972-இல் வந்த தன்னார்வலர் சட்டம் இதற்கு அடிப்படை. ஒப்பந்தத்தில் எழுதிய வேலையைச் செய்யும்போது அடிபட்டால் அரசு ஊழியருக்குக் கிடைக்கும் காய ஈட்டுத்தொகை உங்களுக்கும் உண்டு. எழுதாத வேலையில் கைவைத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. எந்தச் சாலையில் என்ன வேலை என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வனத்துறையின் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தில் இல்லாத தடத்தைச் சீர்செய்யப் போகக் கூடாது. அதில் பொதுமக்கள் வண்டி ஓட்டச் சட்டப்படி அனுமதி இல்லை.

இனி தண்ணீர். சக்கரத் தடம் பள்ளமானதும் தண்ணீர் பக்கவாட்டில் வடியாமல் பள்ளத்தோடு கீழே ஓடத் தொடங்குகிறது. ஓட ஓட வேகம் கூடும், மண் அறுபடும், அடுத்த மழைக்குப் பள்ளம் இன்னும் ஆழமாகும். இதை உடைக்கத்தான் சாலையின் குறுக்கே வரப்பு போடுகிறோம். வரப்புகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதைச் சரிவும் மண்ணும் தீர்மானிக்கின்றன. 5 சதவீதத்துக்குள் உள்ள சரிவில், இறுகிய மண்ணென்றால் 75 மீட்டர் வரை விடலாம், எளிதில் அரிக்கும் மண்ணென்றால் 40 மீட்டர். சரிவு 10 சதவீதத்தைத் தாண்டினால் முறையே 45-உம் 20-உம்.

வரப்பைச் சாலைக்கு நேர்குறுக்காகப் போடாதீர்கள். 30 முதல் 45 டிகிரி சாய்த்துப் போட்டால்தான் தண்ணீர் தேங்காமல் வழுக்கிக்கொண்டு வெளியேறும். மேல்பக்கம் ஒரு சாண் ஆழத்துக்குச் சால் தோண்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் வரப்பாகக் குவித்து, அடுக்கடுக்காக மிதித்து இறுக்க வேண்டும். சாலுக்குள் 3 முதல் 5 சதவீத வாட்டம் வேண்டும். கண்மதிப்பை நம்பாதீர்கள், மலைச்சரிவில் கண் ஏமாற்றும். 3 மீட்டர் நீளச் சட்டம் ஒன்றும் ரசமட்டமும் எடுத்துப் போங்கள். மட்டத்தில் பிடித்த சட்டத்தின் ஒரு முனைக்கும் தரைக்கும் 12 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அது 4 சதவீதம்.

வரப்புகள் தோற்பது பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான். மேல்முனை மலைப்பக்கத்து மண்ணோடு இறுகச் சேராவிட்டால் தண்ணீர் அந்தச் சந்தில் புகுந்து சுற்றிக்கொண்டு போய்விடும். கீழ்முனையில், கிரேடர் ஒதுக்கிய மண் சாலையோரம் கரையாக நின்று வாயை அடைத்திருக்கும். அந்தக் கரையை இரண்டு மண்வெட்டி அகலத்துக்கு வெட்டித் திறந்து, தண்ணீர் விழும் இடத்தில் கல் பரப்புங்கள். சாலைக்காகக் கொட்டிய தளர்ந்த மண்ணின்மேல் தண்ணீரை விடாமல், அதைத் தாண்டி இயற்கைத் தரை வரைக்கும் அந்தச் சாலின் வாயை நீட்டிக்கொண்டு போக வேண்டும். முடித்ததும் 20 லிட்டர் கேனைச் சரித்துப் பாருங்கள். எங்கே நிற்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது கல்வெர்ட், அதாவது ஓடை நீரைச் சாலைக்கு அடியில் கடத்தும் குழாய். இது அடைபடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு கிளை வாயில் குறுக்காக மாட்டுகிறது, அதில் இலைகள் சேருகின்றன, கடைசியாக வண்டல் வந்து பூசுகிறது. பிறகு தேங்கிய நீர் சாலையின் மேலேறி மறுபக்கத்துச் சரிவை அறுத்துவிடும். ஒரே இரவில் சாலையின் பாதி அகலம் போய்விடும். அதனால் குழாயின் வாயையும் அதற்கு வரும் ஓடையில் ஒரு வண்டி நீளத்தையும் இலையுதிர்கால மழைக்கு முன் சுத்தம் செய்துவிடுங்கள். அள்ளிய குப்பையை ஓடைக்கரையிலேயே போட்டால் அடுத்த மழை அதைத் திரும்பக் கொண்டுவரும். வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே, கீழ்ப்பக்கச் சரிவில் போடுங்கள். மேலே நீர் தேங்கி நிற்கும்போது குழாயின் வெளிமுனைக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அடைப்பு உடைந்தால் கட்டையும் கல்லும் சேர்ந்து வரும். குழாய்க்குள் நுழைவதென்ற பேச்சே வேண்டாம். மீன் ஓடும் நிரந்தர ஓடை என்றால் படுகையைத் தொடாதீர்கள். சால்மன் வாழும் ஓடைகளில் நீருக்குள் வேலை செய்யக் குறிப்பிட்ட காலமும் தனி அனுமதியும் உண்டு.

மரம் அறுக்க வனத்துறையின் ரம்பச் சான்று வேண்டும், முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். ஏ நிலைக்காரர் மேற்பார்வையில் மட்டுமே அறுக்கலாம், பி நிலைக்காரர் தன் சான்றின் வரம்புக்குள் தனியாக அறுக்கலாம். ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, கையுறை, கால்மூடி, கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் பூட்ஸ், இவற்றில் ஒன்று குறைந்தாலும் ரம்பத்தை எடுக்க விடாதீர்கள். அறுப்பதற்கு முன் கட்டை எங்கே அழுந்துகிறது, எங்கே இழுபடுகிறது என்று பாருங்கள். இரு முனையும் தாங்கி நடு தொங்கினால் மேல்பக்கம் அழுந்தியிருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டுக் கீழிருந்து மேல்நோக்கி முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் முறை நேர்மாறு. மாற்றி அறுத்தால் ரம்பம் கடிபட்டு நிற்கும், அல்லது கட்டை பிளந்து அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தண்டை அறுத்ததும் வேர்த்தட்டு மண்ணோடு திரும்ப எழுந்து நிற்கலாம். அந்தக் குழிப்பக்கம் ஆள் இருக்கவே கூடாது. துண்டுகளை மலைப்பக்கத்து வாய்க்காலில் உருட்டாதீர்கள். அதுதான் அடுத்த அடைப்பு.

கோடையில் தீ அபாய நிலையைக் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஓரிகன், வாஷிங்டன் பகுதிகளில் அபாயம் ஏறினால் மதியம் 1 மணிக்கு ரம்பத்தை நிறுத்த வேண்டும், இன்னும் ஏறினால் முழுத்தடை. கடைசி வெட்டுக்குப் பிறகும் ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே இருந்து புகை பார்க்க வேண்டும்.

சேற்றுக்குழியைச் சுற்றிப் போய் உண்டான பக்கத் தடங்களை மூடுவதும் கிளப்பின் வேலைதான். முதலில் குழியின் நீரை வடியவிடுங்கள். அதைச் செய்யாமல் பக்கத் தடத்தை மட்டும் மூடினால் வண்டிகள் மூன்றாவது தடம் போடும். தடுப்புக் கல்லை மூன்றில் ஒரு பங்கு புதைத்து வையுங்கள், சும்மா வைத்த கல்லை வண்டியின் வின்ச் வடம் போட்டு இழுத்து நகர்த்திவிடுகிறார்கள். சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம் வரைக்கும் கிளையும் சருகும் பரப்பித் தடத்தை மறைத்தால் பாதி வேலை முடிந்தது.

மண் ஓடைக்குள் போவதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ரூபிகான் தடம் உலகெங்கும் ஜீப் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த பெயர். அங்கேயே வண்டல், எண்ணெய்க் கசிவு, மனிதக் கழிவு ஆகிய காரணங்களுக்காக 2009-இல் கலிஃபோர்னியாவின் நீர்த்தர வாரியம் கவுண்டி நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் சீரமைப்பு உத்தரவு போட்டது. அந்தத் தடம் இன்றும் திறந்திருப்பதில் வடிகால் வெட்டிய தன்னார்வலர்களின் உழைப்புக்குப் பெரிய பங்குண்டு.

வண்டியைக் கழுவிவிட்டுப் போங்கள், முடிந்ததும் கழுவுங்கள். சேற்றில் களைவிதை மட்டும் வருவதில்லை. தென்மேற்கு ஓரிகனில் போர்ட் ஆர்ஃபோர்ட் சீடர் மரங்களைக் கொல்லும் வேரழுகல் நோய் சக்கரச் சேற்றின் வழியேதான் ஓடையிலிருந்து ஓடைக்குப் பரவுகிறது. அதற்காகவே அங்கே சில சாலைகளை ஈரப் பருவத்தில் பூட்டி வைக்கிறார்கள். சக்கர வளைவின் உள்பக்கம், அடித்தகடுகளின் மேல்பக்கம், மண்வெட்டியின் கழுத்து, இந்த மூன்றில்தான் சேறு ஒளிந்திருக்கும்.

அன்று மாலையே அறிக்கை எழுதிவிடுங்கள். சாலை எண், ஒவ்வொரு வரப்புக்கும் கல்வெர்ட்டுக்கும் ஜிபிஎஸ் புள்ளி, முன்னும் பின்னும் எடுத்த படம், ஆள் எத்தனை, மணி எத்தனை. பயண நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். இந்த மணிக்கணக்கைப் பல மானிய விண்ணப்பங்களில் உள்ளூர்ப் பங்காகக் காட்ட முடியும். உங்களால் முடியாததையும் எழுதுங்கள்: நசுங்கிய குழாய்வாய், துரு தின்ற அடிப்பாகம், விரிசல் விட்ட சாலையோரம். குழாயின் உட்சுவரில் துருக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து சேர்த்துவிடுங்கள். வழக்கமாக எவ்வளவு நீர் ஓடுகிறது, குழாய் போதுமா என்று பொறியாளர் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.