பின் டயருக்கு மில்லிமீட்டர் பன்னிரண்டாயிரம்

2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என் டயர் கடை அரை நாள்தான். ஷட்டரை இறக்கப் போகும் நேரத்தில் டாக்டர் தம்பி தன் போர்ஷே கேமன் காரோடு வந்து நின்றார். கொச்சியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2008 மாடல் கேமன் எஸ். இரண்டு சீட், இன்ஜின் முதுகுக்குப் பின்னால், முன்னாலும் ஒரு டிக்கி. நாகர்கோவில் வேகத்தடைகளில் அடிப்பாகம் தட்டாமல் இருக்க வண்டியைக் கோணலாக ஏற்றி இறக்குவார். பின்னால் வரும் ஆட்டோக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று இங்கே எழுத முடியாது.

"அண்ணாச்சி, டயரக் கொஞ்சம் பாருங்க. போன மாசம் கோவை ரேஸ் ட்ராக்ல பின்பக்கம் ரொம்ப வழுக்கிச்சு."

நின்றபடி பார்த்தால் பட்டன், அதாவது டயர் மேல்பட்டையின் கட்டிகள், நன்றாகத்தான் தெரிகிறது. லிஃப்டில் ஏற்றி உள்பக்கம் டார்ச் அடித்தேன். உள்தோளில், அதாவது டயரின் உள்பக்க ஓரத்தில், பள்ளத்தின் ஆழம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. இந்த வண்டியின் பின் சக்கரங்கள் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்து நிற்கும். வளைவில் டயர் முழு அகலத்துக்கும் தரையைப் பிடிப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நேர் ரோட்டில் அதே சாய்வு உள்தோளைத் தின்றுவிடும். குனிந்து பார்க்காதவருக்குத் தெரியவே தெரியாது.

டயரின் பக்கச்சுவரில், சைடுவாலில், 1419 என்று இருந்தது. 2019ஆம் வருஷம் 14ஆம் வாரம் செய்தது. ஆறு வயது. நகத்தால் அழுத்தினால் கொஞ்சம்கூட இறங்கவில்லை. வழுக்காமல் என்ன செய்யும்?

"அன்னைக்கு எவ்வளவு செலவாச்சு?" என்றேன். "ஒன்பதாயிரம்" என்றார். அது நுழைவுக் கட்டணம். டயர், பிரேக், பெட்ரோல் எதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நோயாளியின் பில்லில் பஞ்சுக்குக்கூடக் கணக்கு வைக்கிறவர் இவர்.

அடுத்த தடவை நானும் வருகிறேன், கணக்கு நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். லாரி டயருக்கு வைத்திருக்கும் பழைய நோட்டின் பின்பக்கத்தில் இன்றைக்குத் தொடங்கியாச்சு.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு வந்துவிட்டது. டயருக்கு 28இலிருந்து 18 சதவீதம், இந்த மாதம் 22 முதல். சுதந்திர தினத்தன்று வரி குறையும் என்று அறிவித்ததிலிருந்தே கடை ஈயோட்டுகிறது. மொட்டை டயரோடு வருகிறவர்கூட "22ஆம் தேதி பாத்துக்கலாம்" என்று பஞ்சர் மட்டும் ஒட்டிக்கொண்டு போகிறார்.

டாக்டர் வண்டிக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். டயர் அளவு முன்னால் 235/40 18 இஞ்ச், பின்னால் 265/40 18 இஞ்ச். பழைய வரியில் நான்கும் சேர்த்து 1,28,000. புது வரியில் 1,18,000. பத்தாயிரத்துக்காக 18 நாள் காத்திருப்பது அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. அந்த டயரோடு மழையில் வெளியே எடுக்காதீங்க என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஓணம். எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. குலசேகரத்தில் அப்பா வீட்டில் சாப்பாடு.

அப்பா கீரிப்பாறையில் அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஓய்வுக்குப் பிறகும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்பது ரப்பர் மரத்தை விடவில்லை. விடியுமுன் கத்தியோடு இறங்கிவிடுவார். சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்துப் புகை போட்டு, சந்தைக்குக் கொடுப்பார். போன வருஷம் ஆகஸ்டில் கிலோ 240 ரூபாயைத் தாண்டியபோது ஒரு மாதம் ராஜா மாதிரி இருந்தார். இப்போது இருநூறைத் தொடவில்லை.

டாக்டர் வாங்கப்போகும் டயரின் விலையைச் சொன்னேன். பின் டயர் ஒன்று 33,000.

"ஒரு டயர்ல எத்தன கிலோ ஷீட்டு இருக்கும்டே?"

கார் டயர் மொத்தமே பத்துப் பன்னிரண்டு கிலோதான். அதில் மரத்துப் பால் இரண்டு கிலோ இருந்தால் அதிகம் என்றேன். லாரி டயரில்தான் இயற்கை ரப்பர் நிறைய. அது சூட்டைத் தாங்கும், கிழியாது. ரோட்டைப் பிடிக்கிற கார் டயரின் மேல்பட்டை பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை ரப்பரும், கரித்தூளும், சிலிக்காவும்.

அப்பா விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "நம்ம பங்கு நானூறு ரூவா. மிச்சம் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் யாருக்குப் போவுது?" பிரதமன் பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 24, புதன்

டயர் மாட்டினோம். 1,18,000. பின் ஜோடி 66,000, முன் ஜோடி 52,000.

எந்த டயர் என்பதில் ஒரு வாரம் போன் சண்டை. டாக்டருக்கு ட்ரெட்வேர், அதாவது தேய்மான எண், 200 போட்ட மிருதுவான டயர்தான் வேண்டும். நான் 300க்கு மேல் இருப்பதை வாங்கச் சொன்னேன். அந்த எண், 100 என்ற அளவுகோல் டயரோடு ஒப்பிட்டு, டெக்சாஸில் பொது ரோட்டில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்துப் போடுவது. 200 என்றால் அளவுகோலைவிட இரண்டு மடங்கு உழைக்கும் என்று அர்த்தம். ஆனால் எண்ணைப் போடுவது டயர் கம்பெனியேதான். அதனால் ஒரு கம்பெனியின் 300ஐ இன்னொரு கம்பெனியின் 300ஓடு நான் ஒப்பிடுவதில்லை. இங்கேயிருந்து கோவைக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். டயரை லாரியில் அனுப்பவில்லை, அதிலேயே ஓட்டித்தான் போகவேண்டும். வழியில் மழை வந்தால் தண்ணீரை வெளியேற்ற ஆழமான பள்ளங்கள் வேண்டும். அதைச் சொன்னபிறகுதான் இறங்கி வந்தார்.

வழக்கமாக நான் சொல்லும் வைத்தியம் இந்த வண்டிக்குப் பலிக்காது. முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால், தேய்ந்ததை முன்பின் மாற்றி ஆயுளை நீட்ட வழியே இல்லை.

புது டயரில் நான்கிலும் பள்ளத்தின் ஆழம் 7.5 மில்லிமீட்டர். சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். ஆனால் நான் 2இல் கழற்றச் சொல்வேன். ஆக உபயோகத்துக்கு 5.5 மில்லிமீட்டர். பின் ஜோடி 66,000ஐ 5.5ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 12,000. முன் ஜோடிக்கு 9,450. இதை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி டாக்டரிடம் காட்டினேன். சிரித்தார். இன்னும் தேயவில்லை, அதனால் சிரிப்பு.

பிரேக் ஆயிலும் மாற்றியாச்சு. அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 ரகத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். ட்ராக்கில் பிரேக் பழுக்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆயிலும் கூலியும் 2,000. இதில் மிச்சம் பிடிக்கிறவரை நான் கடைக்குள் விடமாட்டேன்.

இன்சூரன்ஸ் பேப்பரையும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ரேசிங், வேகச் சோதனை இரண்டுக்கும் பொருந்தாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. முட்டினால் முழுச் செலவும் நம்ம கையிலிருந்து. டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்ப்ரசர், ஜாக்கி, பேலன்சிங் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு. தோவாளையில் பூ விலை கேட்டு மயக்கம் வந்தது. டாக்டரும் கேமனைக் கொண்டுவந்தார். 265 அகல டயருக்கு எலுமிச்சம்பழம் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது என்று கடைப் பையன் பெரிதாகத் தேடி எடுத்து வைத்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு, செட்டிபாளையம்

நேற்று அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினோம். ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியை லேசாகத் தள்ளியது. நாங்குநேரி, கயத்தாறு, கப்பலூர் என்று டோல் டோலாகக் கட்டி, மத்தியானத்துக்கு முன் கோவை. டூல்ஸும் சின்னக் கம்ப்ரசரும் முன் டிக்கியில், என் துணிப்பை என் மடியில்.

இன்று காலை 7 மணிக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே. இந்த ஊரில் ரேஸ் கார் கட்டிய கரிவர்தன் பெயரில் 2003இல் திறந்தது. அவர் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான் ட்ராக். வளைவுக்கு வளைவு அருகருகே இருப்பதால் டயருக்கும் பிரேக்குக்கும் மூச்சு விட நேரமில்லை.

குளிர்ந்த டயரில் காற்று முன் 28, பின் 30 பவுண்டு வைத்து அனுப்பினேன். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் முன் 35, பின் 38. சூடேற ஏறக் காற்று விரியும், ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பவுண்டு ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னால் 35க்கு இறக்கினேன்.

டயர் சூட்டைப் பார்க்க டாக்டர் கிளினிக்கிலிருந்து நெற்றி தெர்மாமீட்டர் கொண்டுவந்திருந்தார், கொரோனா காலத்தில் வாங்கியது. டயருக்கு நேரே பிடித்தால் திரையில் எண்ணே வரவில்லை. அது மனுஷக் காய்ச்சலுக்குத்தான் ஆகும். கையை அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பதே போதும் என்று உள்ளே வைக்கச் சொன்னேன்.

இரண்டாவது ஓட்டத்தில்தான் நான் தப்புச் செய்தேன். "முன்னால திரும்ப மாட்டேங்குது அண்ணாச்சி" என்றார். காற்றைக் குறைத்தால் பிடி கிடைக்கும் என்று முன் டயரைச் சூட்டிலேயே 31க்கு இறக்கிவிட்டேன். டயரின் தோளில் மஞ்சள் சாக்கால் நான்கு கோடு போட்டு அனுப்பினேன். திரும்பி வந்தபோது கோடு, தோள் ஓரத்தில் இருக்கும் சின்ன முக்கோண அடையாளத்தையும் தாண்டி அழிந்திருந்தது. டயர் மடங்கி சைடுவால் வரை தரையில் உருண்டிருக்கிறது. வெளித்தோளில் ரப்பர் இழை இழையாக உரிந்திருந்தது. உடனே 34க்கு ஏற்றினேன். அடுத்த ஓட்டத்தில் கோடு முக்கோணத்தில் நின்றது, வண்டியும் திரும்பியது. முப்பது வருஷமாகக் காற்று அடிக்கிறேன், இந்த அவசரம் எனக்கு வந்திருக்கக் கூடாது.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கைக் குளிர வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடக்கூடாது என்று பத்து தடவை சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரி பார்க்கிங் பழக்கம், வந்ததும் இழுத்துவிட்டார். ஓடிப்போய் எடுத்துவிட்டு சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

மொத்தம் நான்கு ஓட்டம், 70 நிமிஷம். டயர் முழுக்க மற்ற வண்டிகள் உதிர்த்த ரப்பர் உருண்டைகள் ஒட்டிக் கரடுமுரடாக இருந்தது. அதைப் பார்த்து டயர் தேயவே இல்லை என்று சந்தோஷப்பட்டார்.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் ரூம் வாசலில் அளந்தபோது முன் டயரில் காற்று 25. சூட்டில் இறக்கிய காற்று குளிர்ந்ததும் இவ்வளவுதான் நிற்கும். இதை மறந்து ஹைவேயில் நூறில் போனால் சைடுவால் சூடாகி வெடிக்கவும் கூடும். வண்டியில் ஸ்டெப்னியும் இல்லை, ஓட்டை அடைக்கும் பசை டப்பாதான். நான்கிலும் அளவுக்கு ஏற்றிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். சாயங்காலம் வீடு.

அக்டோபர் 14, செவ்வாய்

லிஃப்டில் ஏற்றி உருண்டைகளைச் சுரண்டிவிட்டு அளந்தேன். பின் டயர் 6.3, முன் டயர் வெளித்தோளில் 6.6. அதாவது பின்னால் 1.2 போயிருக்கிறது, 14,400 ரூபாய். முன்னால் 0.9, 8,500. டயர் மட்டும் 22,900. ட்ராக்கில் ஓடிய 70 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு 327.

முன் பிரேக் பேட் புதுசு 24,000, இதே வேகத்தில் நான்கு நாள் தாங்கும். ஒரு நாள் பங்கு 6,000. பெட்ரோல் போக வர, ட்ராக்கையும் சேர்த்து 108 லிட்டர், 11,000. ரோட்டில் லிட்டருக்குப் பத்து கொடுத்த வண்டி ட்ராக்கில் நான்குதான் கொடுத்தது. கட்டணம் 9,000, பிரேக் ஆயில் 2,000, ரூம், டோல், சாப்பாடு 6,000. எல்லாம் சேர்த்து 56,900.

முன் டயரில் போனதில் ஒரு 0.3 என் அவசரத்தால் போனது என்று நினைக்கிறேன். அந்த 2,800க்குப் பதிலாக அலைன்மென்ட் கூலி வாங்கவில்லை. அவரிடம் காரணம் சொன்னேன். நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "டயர்தான் பெரிய ஐட்டமா?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 26, ஞாயிறு

விடாத மழை. மரம் நனைந்திருப்பதால் அப்பா இரண்டு நாளாகப் பால் வெட்டவில்லை, போனில் அதே புலம்பல். கொசுப் புழு பார்க்க வந்தவர்கள் கடைக்குப் பின்னால் கிடந்த பழைய டயர்களில் தேங்கிய தண்ணீரைக் காட்டித் திட்டிவிட்டுப் போனார்கள். கேமனின் பழைய நான்கும் அதில்தான் கிடந்தன. கவிழ்த்து உள்ளே அடுக்கினேன்.

சாயங்காலம் டாக்டர் போன்.

"அண்ணாச்சி, டிசம்பர் 7 புக் பண்ணிட்டேன். இந்தத் தடவ சூட்டுல முன்னால 34லயே வச்சா 0.9 எவ்வளவு ஆகும்?"

"0.6 ஆகலாம். நீங்க பிரேக்க கொஞ்சம் முன்னாடியே மிதிச்சா பின்னாலயும் குறையும்."

"அது முடியாது அண்ணாச்சி."

புதுப் பக்கத்தின் மேலே டிசம்பர் 7 என்று எழுதி, கீழே முன் 6.6, பின் 6.3 என்று குறித்துக்கொண்டேன்.