மஸ்டாங்கின் இறக்கையில் ரிவெட் எங்கே?

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கப் போர் விமானமான பி-51டி மஸ்டாங்கின் பிளாஸ்டிக் மாடல் ஒன்றை 1/48 அளவில் முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். உடல் முழுக்க ரிவெட், அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளின் தலை, வரிசை வரிசையாகத் தெரிகிறது. இறக்கையின் முன்பகுதி மட்டும் மொழுமொழுவென்று இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன் கேட்டான்: “மாமா, இங்க இருந்த புள்ளியெல்லாம் எங்க போச்சு?” அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மஸ்டாங் கிட்டைப் பிரிக்கப்போகிற யாருக்காவது உதவும்.

மஸ்டாங்கின் இறக்கை லேமினார் வகை. இறக்கையை ஒட்டி ஓடும் காற்று கலையாமல் முடிந்தவரை பின்னால் வரை போக வேண்டும் என்று கணக்குப் போட்டு வடிவமைத்தது. அதற்கு வடிவம் மட்டும் போதாது, மேற்பரப்பும் வழவழவென்று இருக்க வேண்டும். ஒரு ரிவெட் தலையோ தகட்டு விளிம்போ லேசாகத் துருத்தினாலும் அந்த இடத்தில் காற்று கலைந்துவிடும். ஆகவே மஸ்டாங்கைத் தயாரித்த நார்த் அமெரிக்கன் நிறுவனத்தின் தொழிற்சாலையில் இறக்கையின் முன்பகுதியில் தகடுகள் சேரும் இடுக்குகளையும் ரிவெட்டுகளையும், வீட்டுச் சுவருக்குச் செய்வதுபோல, பட்டி பார்த்து அடைத்தார்கள். பிறகு தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தார்கள். 1944-இல் உருமறைப்பு நிறம் இல்லாமல் பளபளவென்று வந்த மஸ்டாங்குகளிலும் உடல்தான் வெற்று அலுமினியம். இறக்கையில் இருப்பது பெயின்ட்.

இது தெரிந்த பிறகு மாடலை ஒரே வெள்ளியில் அடிக்க எனக்குக் கை வரவில்லை. உடல் ஒரு மாதிரி மின்ன வேண்டும், இறக்கை வேறு மாதிரி இருக்க வேண்டும். மஸ்டாங் மாடலில் என்னை இழுப்பதே இந்த வித்தியாசம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். பல கிட்டுகளில் இறக்கை முழுக்கப் பேனல் கோடுகளும் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்) ரிவெட்டுகளும் ஆழமாகப் பதிந்திருக்கும். ஒரு கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48-ஆல் பெருக்கினால் 9.6 மில்லிமீட்டர். நிஜ விமானத்தில் அப்படி ஒரு இடைவெளி இருந்தால் பென்சிலையே உள்ளே விடலாம்! உடலில் இதைச் சகித்துக்கொள்ளலாம், கண் பழகிவிடுகிறது. பட்டி பார்த்து மூடிய இறக்கையில் சகிக்க முடியாது.

நான் செய்வது இது. மிஸ்டர் சர்ஃபேசர் என்ற, மாடலுக்கான திரவப் பட்டியைப் பழைய தூரிகையால் கோட்டின்மேல் இழுத்து விடுவேன். காய்ந்ததும் அது உள்ளே சுருங்கும், அதனால் மறுபடி ஒரு பூச்சு. ஓரிரவு விட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து 600 நம்பர் தாளில் தொடங்கி 2000 நம்பர் வரை தேய்ப்பேன். எல்லாக் கோட்டையும் மூடிவிடக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். துப்பாக்கி அறையின் மூடி, தோட்டாப் பெட்டியின் மூடி, பெட்ரோல் ஊற்றும் வாய், இதையெல்லாம் மெக்கானிக் தினமும் திறந்தாக வேண்டும். பட்டி பார்த்தால் திறக்க முடியாது. அவற்றைச் சுற்றியுள்ள கோடு அப்படியே இருக்கட்டும். எந்தக் கோடு இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று சந்தேகம் வந்தால், “இதை யாராவது திறப்பார்களா?” என்று கேட்டுப்பார்த்தால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

நிறத்துக்கு உடலில் பளபளப்பான கறுப்பு அடித்து, அதன்மேல் ஆல்கிளாட் என்ற உலோக நிறப் பெயின்டின் அலுமினிய நிறத்தை மிக மெல்லிசாக ஏர்பிரஷ்ஷில் பரப்பினேன். அடியில் கறுப்பு எவ்வளவு கண்ணாடிபோல் இருக்கிறதோ, மேலே உலோகம் அவ்வளவு உயிராக இருக்கும். ஒரு கீறல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சில தகடுகளை மட்டும் டேப் ஒட்டிப் பிரித்து, ஒன்றைச் சற்று மங்கலாகவும் இன்னொன்றைச் சற்று இருட்டாகவும் விட்டேன். புகைபோக்கிக் குழாய்களைச் சுற்றியுள்ள தகட்டில் இந்த வித்தியாசம் அழகாக வரும். இறக்கைக்கு இத்தனை பாடு இல்லை. சாம்பல் பிரைமர், அதன்மேல் சாதாரண வெள்ளிப் பெயின்ட். பளபளப்பு குறைவு, மணல் படிந்த மாதிரி ஒரு மென்மை. இரண்டையும் சேர்த்து வைத்து விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது, உடலில் வெளிச்சம் கோடாக ஓடியது, இறக்கையில் பரவி நின்றது. எனக்கு வேண்டியது அதுதான்.

வால் சுக்கான் இன்னொரு சமாச்சாரம். அது துணி போர்த்தியது. துணிக்கு அடித்த வெள்ளி டோப் (துணியை விறைப்பாக்கும் பூச்சு) உலோகம்போல் மின்னாது. அங்கே பெயின்ட் உரிந்து அலுமினியம் தெரிவதாக யாராவது கீறல் வரைந்திருந்தால் எனக்கு மனசு கேட்காது, அடியில் உலோகமே இல்லையே.

காக்பிட் தரையும் அப்படித்தான். பி-51டி-யின் தரை ஒட்டுப்பலகை, மேலே கறுப்புப் பூச்சு. விமானியின் பூட்ஸ் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பு போன இடத்தில் தெரிய வேண்டியது மரம். கறுப்புக்கு முன்னால் மர நிறம் அடித்து, காய்ந்த பின் கறுப்பைப் பெடல்களுக்கு முன்னால் மட்டும் பல்குச்சி முனையால் லேசாகச் சுரண்டினேன். விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி விதானத்தை மூடிவிட்டால் பாதி தெரியாது என்பது உண்மைதான். ஆனால் டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பவருக்கு அந்தப் பழுப்புத் தேய்மானம் அங்கே இருக்கிறது. இப்படிப் பார்ப்பவர்கள் எப்போதும் ஓரிருவர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இவ்வளவும்.

படம் பார்த்துச் செய்யும்போது ஓர் எச்சரிக்கை. இன்று கண்காட்சிகளில் பறக்கும் மஸ்டாங்குகள் பலவற்றில் இறக்கைப் பூச்சை எடுத்துவிட்டு முழுக்க மெருகேற்றியிருப்பார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், அவற்றைப் பறக்க வைத்திருப்பவர்களுக்குப் பெரிய கும்பிடு. ஆனால் 1944-இல் களத்தில் நின்ற விமானத்தைச் செய்ய அந்தப் படங்கள் உதவாது. போர்க்கால கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

அந்தப் படங்களில் இன்னொன்றும் கவனிக்கலாம். நிறுத்தி வைத்த மஸ்டாங்குகளில் ஃபிளாப்கள் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பகுதிகள்) தொங்கியிருக்கும், சக்கர அறையின் உள்பக்கக் கதவுகளும் கீழே இறங்கியிருக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகு ஹைட்ராலிக் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிவிடுவதால் அவை தானாகத் தாழ்ந்துவிடும். எஞ்சின் ஓடும்போது கதவுகள் மூடியிருக்கும். ஆகவே விமானியை உட்கார வைத்து, புரொப்பெல்லர் சுற்றுவதுபோல் செய்தால் கதவை மூடுங்கள். தனியாக நிறுத்தினால் இறக்கி விடுங்கள். பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயருக்கு இந்தப் பழக்கம் கிடையாது, அதன் விமானிகள் தரையிறங்கியதும் ஃபிளாப்பை ஏற்றிவிடுவார்கள். ஒரு விமானத்துக்குப் படித்ததை அடுத்ததற்குப் போட முடியாது.

நார்மண்டிப் பட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நேச நாட்டு விமானங்களை அடையாளம் காட்ட அடித்த கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இவை. நார்மண்டியில் படைகள் இறங்கிய 1944 ஜூன் 6-க்கு முந்தைய ஓரிரு நாட்களில், ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதற்காகக் கடைசி நேரத்தில் அவசர அவசரமாக அடித்தவை. ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம், 1/48-இல் சுமார் 9.5 மில்லிமீட்டர். பல இடங்களில் தூரிகையாலேயே அடித்தார்கள். அதனால் டெகாலில் (கிட்டோடு வரும், நீரில் நனைத்து ஒட்டும் படத்தாளில்) வரும் கத்தி வெட்டுபோன்ற விளிம்பு எனக்குப் பிடிப்பதில்லை. டேப் ஒட்டி அடித்து, ஓரிரு இடத்தில் கையால் லேசாகக் கோணலாக்கினேன். வெள்ளையைக் கொஞ்சம் அழுக்காகவே கலந்தேன், கறுப்பைச் சுத்தக் கறுப்பாக விடவில்லை. இந்த அளவு மாடலில் சுத்தக் கறுப்பு ஓட்டைபோலத் தெரியும்.

பாக்கி இருப்பது இறக்கைக்கு அடியில் மாட்டும் இரண்டு வெளி டேங்குகள். கிட்டில் 75 கேலன் உலோக டேங்கும் இருக்கிறது, 108 கேலன் காகித டேங்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் காகிதத்தைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்த டேங்கு அது. பெர்லின் வரை போய்வரும் தூரத்துக்குப் பெட்ரோல் சுமந்து, காலியானதும் கழற்றி விடப்பட்டது. நான் காகித டேங்கைத்தான் மாட்டப்போகிறேன். வெள்ளி நிறம் ஒரு பூச்சு, ஊற்றும் வாயைச் சுற்றிக் கொஞ்சம் பெட்ரோல் கறை, அவ்வளவுதான். ஒருமுறை போய் விழப்போகிற டேங்குக்குத் தேய்மானமும் கீறலும் எங்கிருந்து வரும்?